க்ருவாசான் நடுவர் ஆவது எப்படி? பாரிஸ் நகரத்துக்கான செயல்முறைக் கையேடு

ஒரு சினிமாவை விமர்சிக்க இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டும். டெஸ்ட் கிரிக்கெட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஐந்து நாள் வேண்டும். க்ருவாசானுக்கு மூன்று கடி போதும். இவ்வளவு குறைந்த முதலீட்டில் நிபுணர் ஆகக்கூடிய துறை வேறு எதுவும் தற்போது காலியாக இல்லை.

பாரிஸ் இதற்கென்றே அமைந்த ஊர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கரிகள் அங்கே உண்டு. ஒரு கடையிலிருந்து கிளம்பி, தின்றதை விழுங்கி முடிப்பதற்குள் அடுத்த கடையின் கண்ணாடி தெரிந்துவிடும். அத்தனையிலும் க்ருவாசான் இருக்கும். பேட்டைக் கடைகளில் விலை ஒன்றரை யூரோவை ஒட்டித்தான் இருக்கும். "இந்த ஊரிலேயே சிறந்தது எது?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவர் ஏன் நீங்களாக இருக்கக் கூடாது? கீழே உள்ள வழிமுறைகளைப் பிசகாமல் பின்பற்றுங்கள்.

தேவையான பொருட்கள்

நோட்டுப் புத்தகம் ஒன்று. கறுப்பு அட்டை போட்டது உத்தமம். மற்ற நிறங்களில் எழுதினால் மளிகைக் கணக்கு என்று நினைத்துவிடுவார்கள்.

ரம்பப் பல் வைத்த கத்தி ஒன்று. விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். "க்ருவாசானின் குறுக்குவெட்டைப் பார்க்கத்தான்" என்ற விளக்கத்தை எந்த விமான நிலையப் பாதுகாவலரும் இதுவரை மனமுவந்து ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நகைக்கடைத் தராசு ஒன்று. கிராமுக்குக் கீழே இரண்டு தசமம் காட்ட வேண்டும். எடைக்கும் சுவைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை. தராசுக்கும் மரியாதைக்கும் சம்பந்தம் உண்டு.

கறுப்புச் சட்டை இரண்டு. நல்ல க்ருவாசானைக் கடித்தால் மேல் ஓடு நொறுங்கி மார்பெல்லாம் உதிரும். வெள்ளைச் சட்டையில் அது தெரியாது. சாட்சி முக்கியம்.

கடைசியாக, கூட ஒருவர். இவர் சாப்பிடுவதற்கு அல்ல. நீங்கள் கடித்துவிட்டுக் கண்ணை மூடும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்பதற்கு. நீங்கள் உடனே பதில் சொல்லாமல் இருப்பதைப் பார்ப்பதற்கு. மனைவியோ கணவரோ இந்த வேலைக்கு ஆகமாட்டார்கள். அவர்கள் கேட்பதை இரண்டாம் கடையோடு நிறுத்திவிடுவார்கள்.

முதல் படி: கடைகளைப் பொறுக்குதல்

பாரிஸின் 20 வட்டாரங்களும் லூவ்ர் பக்கத்தில் தொடங்கி, நத்தை ஓட்டைப் போலச் சுற்றிச் சுற்றி வெளியே விரிகின்றன. வட்டாரத்துக்கு ஒரு கடை என்று போவது நேர்மையான முறை. ஆகவே அதை விட்டுவிடுங்கள். பெயர் பெற்ற கடைகளுக்கு முதலில் போங்கள். பெயர் எதற்காகப் பெற்றது என்று துருவ வேண்டாம்.

மோந்தோர்கெய் தெருவில் இருக்கும் ஸ்தோரேர், 1730-இல் தொடங்கியது. நிறுவியவர் பதினைந்தாம் லூயியின் ராணியோடு வந்த அரண்மனைப் பலகாரக்காரர். கடையின் புகழ் ரம் மதுவில் ஊறிய பாபா கேக்கால் வந்தது. ஷெர்ஷ்-மிதி தெருவில் 1932 முதல் இருக்கும் புவாலானுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, ஏறக்குறைய இரண்டு கிலோ கனக்கும் வட்டமான புளித்தமாவு ரொட்டி. இந்த இரண்டு கடைகளிலும் க்ருவாசான் வாங்கி, பாபாவுக்கும் ரொட்டிக்கும் உரிய மதிப்பெண்ணை அதற்குப் போட்டுவிடுங்கள். பரம்பரைச் சொத்து வாரிசுக்குப் போவது நியாயம்தானே.

சேன்-மர்த்தேன் கால்வாய்க்குப் பக்கத்தில் 'து பேன் எ தேஸிதே' என்று ஒரு கடை. ஓவியம் தீட்டிய மேற்கூரை, பழைய கண்ணாடி, உலகப் புகழ். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை. சுற்றுலா வருகிறவர்கள் சனி, ஞாயிறில்தான் போவார்கள். நீங்களும் அப்படியே போங்கள். இறக்கிவிட்ட கதவின் முன்னால் ஐந்து நிமிடம் நின்று, நோட்டுப் புத்தகத்தில் எதையாவது எழுதுங்கள். இந்தக் கடைக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதைப் பட்டியல் போடும் இடத்தில் சொல்கிறேன்.

'மெசோன் திசபெல்' கொஞ்சம் சிக்கலான கடை. சேன்-ஜெர்மேன் பூல்வாரில், மொபேர் சந்தைக்கு எதிரே இருக்கிறது. பாரிஸ் வட்டார அளவில் நடக்கும் வெண்ணெய் க்ருவாசான் போட்டியில் 2018-இல் முதல் பரிசு வாங்கியது. அப்படியும் விலையைக் கூட்டிக்கொண்டு அலட்டவில்லை. நடுவருக்கு இது தர்மசங்கடம். நன்றாகவும் இருந்து மலிவாகவும் இருந்தால் நம்முடைய ஆராய்ச்சிக்கு என்ன வேலை? "நல்ல கடைதான், ஆனால் கொஞ்சம் வெகுஜனம்" என்று எழுதிக் கடந்து போங்கள்.

ஆகஸ்ட் மாதம் மட்டும் போகாதீர்கள். பாதிக் கடைகள் மூடிக் கிடக்கும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துச் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு, பாரிஸ் பேக்கரிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விடுமுறைக்குப் போகாதபடி அரசாங்கம் முறை போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. 2015-இல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். ரொட்டி கிடைக்காவிட்டால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று அந்த ஊர் அரசாங்கத்துக்கு முன் அனுபவம் இருந்தது. க்ருவாசான் நடுவர்கள் என்ன செய்வார்கள் என்ற பயம் அதற்கு இன்னும் வரவில்லை.

இரண்டாம் படி: வரிசையில் நிற்றல்

வரிசைதான் முதல் கடி. ஒபேரா பக்கம் செத்ரிக் குரோலேயின் கடை முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே வாய் ஊறும். ஒரு மணி நேரம் நின்று வாங்கிய பண்டம் சுமாராக இருந்தது என்று சொல்ல மனிதனாகப் பிறந்த யாருக்கும் மனம் வராது. அப்படிச் சொன்னால் சுமாரானது க்ருவாசான் இல்லை, நாம்தான் என்று ஆகிவிடும். ஆகவே ஐந்து நிமிடக் காத்திருப்புக்கு ஒரு மதிப்பெண் என்று மனம் தானாகவே கூட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க வேண்டாம்.

கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லுங்கள். இந்தக் கையேட்டில் கிண்டல் கலக்காத ஒரே அறிவுரை இது. போன்ஜூர் சொல்லாமல் நேராகக் கண்ணாடிப் பெட்டியைச் சுட்டிக் காட்டுகிறவருக்கு உலகின் மிகச் சிறந்த க்ருவாசானும் ஆறித்தான் கிடைக்கும்.

மூன்றாம் படி: வெளித்தோற்றம்

வாங்கியதைத் தின்றுவிடாதீர்கள். வெளிச்சத்தில் உயர்த்திப் பிடியுங்கள். தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டும்.

முதலில் வளைவு. பிரெஞ்சுக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு: முழுக்க வெண்ணெயில் செய்தது நேராக இருக்கும். முனை இரண்டும் உள்பக்கம் வளைந்து பிறை மாதிரி இருந்தால் அதில் மார்கரின் இருக்கலாம். இது வழக்கம்தான், சட்டம் இல்லை. வெண்ணெயில் செய்து வளைத்து வைப்பவர்களும் உண்டு. ஆனால் சட்டம் மாதிரியே சொல்லுங்கள். படத்திலும் பொம்மையிலும் பிறை வடிவத்தையே பார்த்து வளர்ந்த உங்கள் நண்பர்கள் அங்கேயே ஆடிப்போவார்கள்.

அடுத்து நிறம். மேடுகளில் நல்ல பழுப்பு, பள்ளங்களில் பொன்னிறம், அடியில் ஈரமில்லாத ஒரே சீரான சிவப்பு. இது உண்மையான இலக்கணம். வெளுத்து இருந்தால் அடுப்பில் போதிய நேரம் இருக்கவில்லை. அடிப்பக்கம் எண்ணெய் கோத்துக் கிடந்தால் உள்ளே நிற்க வேண்டிய வெண்ணெய் வெளியே ஓடிவிட்டது. நடுவர் இதை இவ்வளவு எளிமையாகச் சொல்லக் கூடாது. "அடித்தளத்தில் ஒரு தயக்கம் தெரிகிறது" என்று எழுத வேண்டும்.

பிறகு எடை. அறுபது கிராமை ஒட்டி இருக்கும். 61.35 என்று எழுதுங்கள். அந்த .35-இல்தான் உங்கள் பெயர் நிற்கிறது.

நான்காம் படி: குறுக்குவெட்டு

இப்போது கத்தி. அழுத்தாமல் அறுக்க வேண்டும். அழுத்தினால் உள்ளே இருக்கும் அறைகள் நசுங்கும், உங்கள் வாதமும் நசுங்கும். நன்றாக வந்த க்ருவாசானின் வயிற்றில் பெரிதும் சிறிதுமாகக் காற்றறைகள் சுருள் சுருளாக இருக்கும். அவற்றைப் பிரிக்கும் சுவர் மெல்லியதாக, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு இருக்கும்.

இது எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நடுவருக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் நாலு பேர் நடுவில் பயன்படும். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவுக்குள் வெண்ணெய்ப் பலகை ஒன்றை வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து, மூன்றாக மடிப்பார்கள். குளிர்ப்பெட்டியில் ஓய்வு கொடுத்து மறுபடி தேய்த்து மூன்றாக மடிப்பார்கள். பிறகு இன்னொரு முறை. மும்மூன்றாக மூன்று தடவை, ஆக 27 வெண்ணெய் அடுக்கு. வீச்சுப் பரோட்டாவில் எண்ணெய் பார்க்கும் வேலையை இங்கே வெண்ணெய் பார்க்கிறது: அடுக்கை அடுக்கோடு ஒட்டவிடாமல் தள்ளி வைப்பது. அடுப்புக்குள் போனதும் வெண்ணெயில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும். ஈஸ்ட் ஏற்கெனவே ஊதி வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்து அந்த அறைகளைக் கட்டுகின்றன.

சிலர் ஒரு தடவை நாலாகவும் ஒரு தடவை மூன்றாகவும் மடித்து 12 அடுக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். அடுக்கு குறைந்தால் ஒவ்வொன்றும் தடித்து, அறைகள் இன்னும் தெளிவாகத் திறக்கும். ஆனால் சபையில் 12 என்று சொல்லாதீர்கள், எடுபடாது. 27 என்றே சொல்லுங்கள். வெட்டிய க்ருவாசானில் அடுக்குகளை எண்ணிச் சரிபார்த்தவர் எவரும் உங்கள் நண்பர் வட்டத்தில் இருக்கமாட்டார். இருந்தால் அவரை வட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வெண்ணெய் பேசுதல்

"நல்லா இருக்கு" என்ற சொற்றொடரை இன்றோடு மறந்துவிடுங்கள். நல்லா இருக்கு என்பவர் சாப்பிட்டவர். நடுவர் வேறு.

சாதாரண வெண்ணெயில் கொழுப்பு 82 சதவீதம். மடிப்பு வேலைக்கென்று வரும் வெண்ணெயில் 84 சதவீதம். தண்ணீர் குறைவு, இறுக்கம் அதிகம், தேய்க்கும்போது கிழியாமல் மாவோடு சேர்ந்து நீளும். இந்த இரண்டு சதவீதத்தை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசலாம். அதற்கு மேலும் நேரம் இருந்தால் ஊர்ப் பெயர்களை இறக்குங்கள்: ஷரான்த்-புவாத்து, இசினி. இரண்டும் பிறப்பிடத்துக்கான சட்டப் பாதுகாப்பு உள்ள வெண்ணெய்கள். மேலே சொன்ன க்ருவாசான் போட்டியே ஷரான்த்-புவாத்து வெண்ணெயின் பெயரில்தான் நடக்கிறது. ஆகவே கடித்ததும் "இது ஷரான்த் இல்லை, இசினி" என்று சொல்லிப் பாருங்கள். சரியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தவறாக இருந்தால் தெரிந்துகொள்ள அங்கே யாருக்கும் வழியில்லை.

வருணனைக்குச் சில தயார்ச் சொற்கள்: வறுத்த பருப்பு வாசம், பசும்புல்லின் சாயல், பாலாடையின் இளம்புளிப்பு, உப்பின் தூரத்து நினைவு. முதல் மூன்றும் உண்மையிலேயே நாக்குக்குத் தெரியக்கூடியவை. நான்காவதுக்கு அர்த்தம் கிடையாது. அதைத்தான் எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள்.

2017-இல் பிரான்ஸில் வெண்ணெய்த் தட்டுப்பாடு வந்து சூப்பர் மார்க்கெட் அலமாரிகள் காலியாகக் கிடந்ததை எங்காவது சொருகுங்கள். "அந்த வருஷத்துக்குப் பிறகு சுவை மாறிவிட்டது" என்று ஒரு பெருமூச்சும் விட்டால், அதற்கு முன்னாலும் நீங்கள் இங்கே சாப்பிட்டிருப்பதாகக் கேட்பவர் நினைத்துக்கொள்வார். திருத்த வேண்டாம்.

ஆறாம் படி: வரலாறு சொல்லுதல்

மூன்றாம் கடைக்கும் நான்காம் கடைக்கும் இடையில் வயிறு கொஞ்சம் அவகாசம் கேட்கும். அந்த நேரத்தை வரலாற்றால் நிரப்புங்கள்.

எல்லோருக்கும் பிடித்த கதை இது: 1683-இல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டது. இரவில் வேலை செய்துகொண்டிருந்த ரொட்டிக்காரர்கள் சுரங்கம் தோண்டும் சத்தத்தைக் கேட்டு ஊரைக் காப்பாற்றினார்கள். வெற்றியைக் கொண்டாட, எதிரிக் கொடியில் இருந்த பிறையைச் சுட்டுத் தின்றார்கள். இந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது. அதற்கு முன்பே பல நூற்றாண்டுகளாக அந்தப் பக்கத்தில் பிறை வடிவ ரொட்டி இருந்திருக்கிறது. மாரி அந்துவானெத் கல்யாணமாகி வரும்போது சீதனத்தோடு கொண்டுவந்தாள் என்ற கதைக்கும் ஆதாரம் இல்லை.

நடந்தது இதைவிடச் சாதாரணம். ஆகஸ்ட் சாங்க் என்ற ஆஸ்திரிய முன்னாள் ராணுவ அதிகாரி 1830-களின் கடைசியில் பாரிஸின் ரிஷ்லியே தெருவில் வியன்னா பாணி பேக்கரி ஒன்றைத் திறந்தார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஊரில் மற்றவர்கள் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். அவரோ சில ஆண்டுகளில் ஊர் திரும்பி, பத்திரிகை நடத்திப் பெரிய பணக்காரர் ஆனார். அவர் விற்றதும் இன்றைய க்ருவாசான் இல்லை. வெண்ணெயை மடித்து அடுக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சமையல் குறிப்புகளில் தலைகாட்டுகிறது.

நீங்கள் முற்றுகைக் கதையையே சொல்லுங்கள். பீரங்கி இருக்கிறது, சுரங்கம் இருக்கிறது. கூட்டத்தில் யாராவது சாங்க்கின் பெயரை எடுத்தால் குரலைத் தாழ்த்தி, "அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன்" என்று சொல்லிச் சமாளித்துவிடலாம்.

ஏழாம் படி: வேலை தெரிந்தவரிடமிருந்து தப்பித்தல்

பாரிஸுக்குப் போகும் தமிழருக்குள்ள தனிப்பட்ட ஆபத்து இது. லா ஷப்பேல் பக்கம் தோசை சாப்பிடப் போனால், பக்கத்து மேசையில் ஈழத்து அண்ணை ஒருவர் இருப்பார். பேச்சுக் கொடுத்தால் பேக்கரியில் வேலை பார்ப்பதாகச் சொல்வார். பாரிஸின் அடுப்படிகளில் தமிழ்க் கைகள் நிறைய உண்டு. உடனே எழுந்து போய்விடுங்கள். உட்கார்ந்தால் உரையாடல் இப்படிப் போகும்:

"என்ன தம்பி, கொப்பியில எழுதுறியள்?"

"க்ருவாசான் ஒப்பிட்டுப் பார்க்கிறோம் அண்ணா. பத்துக் கடை."

"உங்கட ரெண்டாவது கடையில அதைச் செய்யிறேல்லத் தம்பி. பெட்டியில உறைஞ்சு வாறது. இறக்கி, போறணையில வைக்கிறது மட்டுந்தான்."

இங்கே நீங்கள் குறுக்கிட்டு, பிரான்ஸில் அதற்குச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1998-இல் வந்த சட்டப்படி, மாவைப் பிசைவதிலிருந்து சுடுவது வரை அதே இடத்தில், எந்தக் கட்டத்திலும் உறையவைக்காமல் செய்தால்தான் கடை வாசலில் 'பூலான்ஜெரி' என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டம் ரொட்டிக்கு மட்டும். அதே பலகையின் கீழே, தொழிற்சாலையிலிருந்து உறைந்து வந்த க்ருவாசானை விற்கத் தடையில்லை. அண்ணைக்கு இது தெரியும். உங்கள் நோட்டுப் புத்தகத்துக்குத் தெரியாது. அந்த இரண்டாம் கடைக்கு நீங்கள் ஏற்கெனவே "கைவினையின் நேர்மை" என்று எட்டரை போட்டிருப்பீர்கள்.

பாதாம் க்ருவாசானைப் பற்றியும் அவர் சொல்லத் தொடங்குவார். நேற்று விற்காமல் மிஞ்சியதைப் பாகில் நனைத்து, பாதாம் விழுது அடைத்து, மறுபடி சுட்டெடுப்பது அது. அருமையாக இருக்கும், விலையும் கூட. "பழசுக்குத்தான் தம்பி கனபேர் கூடக் காசு குடுக்கினம்" என்று சிரிப்பார்.

உண்மையான சேதம் இனிமேல்தான்.

"நான் வேலை செய்யிற கடையிலேயே நேற்று நல்லா வந்தது. இண்டைக்கு மா பொங்கினது காணாது, நடுவில கட்டியாப் போச்சு. நாளைக்கு வெக்கை எண்டால் பட்டர் இளகி ஓடும். நீங்கள் எந்த நாளுக்குப் புள்ளி போடுறியள்?"

இதற்குப் பதில் கிடையாது. தேய்க்கும்போது வெண்ணெய் இளகினால் மாவு அதைக் குடித்துவிடும், அடுக்கு மறைந்து பன் ஆகிவிடும். வெண்ணெய் ரொம்பக் குளிர்ந்திருந்தால் உள்ளேயே துண்டு துண்டாக உடையும். பொங்க வைக்கும் அறை 26, 27 டிகிரியைத் தாண்டி ஏறினால் வெண்ணெய் கசியத் தொடங்கும், குறைந்தால் மாவு எழும்பாது. இதெல்லாம் விடியற்காலை மூன்று மணிக்கு யாரோ ஒருவர் கைவைத்துப் பார்த்து முடிவு செய்வது. நீங்கள் பத்து மணிக்கு எழுந்து வந்து அந்தக் கடையின் குணம் என்று எழுதுவது, அந்த ஒருவரின் அந்த ஒரு ராத்திரியைத்தான்.

ஆகவே இந்தக் கையேட்டின் தலையாய விதியை இங்கே தருகிறேன்: ஒரு கடைக்கு ஒருபோதும் இரண்டாம் முறை போகாதீர்கள். போனால் மதிப்பெண் மாறும். ஒரு மதிப்பெண் மாறினால் பட்டியலே சரியும்.

எட்டாம் படி: கண்ணைக் கட்டாதீர்கள்

ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டும் என்று சிலர் கிளம்புவார்கள். எல்லாவற்றையும் தட்டில் வைத்து, எண் போட்டு, எது எந்தக் கடை என்று தெரியாமல் சாப்பிடலாம் என்பார்கள். இதை எப்பாடுபட்டாவது தடுத்துவிடுங்கள்.

தடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பாகெத் ரொட்டிப் போட்டியே உதாரணம். 1994 முதல் பாரிஸ் மாநகராட்சி நடத்திவருகிறது. ரொட்டிகள் பெயரில்லாமல் மேசைக்கு வரும். தோற்றம், வேக்காடு, உள்சதை, மணம், சுவை ஆகிய ஐந்தையும் வைத்துத் தீர்ப்பு. வென்றவருக்கு 4,000 யூரோ. அதோடு ஓராண்டு காலம் எலிசே மாளிகைக்கு, அதாவது குடியரசுத் தலைவர் வீட்டுக்கு, ரொட்டி கொடுக்கும் உரிமை. 2023-இல் அந்த மேசையில் ஜெயித்தது இருபதாம் வட்டாரத்துப் பிரெனே தெருக் கடை ஒன்றின் ரொட்டி. சுட்டவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா.

பெயர்ப் பலகை, ஓவியக் கூரை, வரிசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ரொட்டியை மட்டும் வைத்தால் இப்படித்தான் யார் வேண்டுமானாலும் ஜெயித்துவிடுகிறார்கள், அதுவும் நன்றாகச் சுட்டார் என்ற ஒரே காரணத்துக்காக. நம் பட்டியலில் இதை அனுமதித்தால் ஸ்தோரேரின் 1730 என்ன ஆவது? ஒபேராவில் நின்ற ஒரு மணி நேரம் என்ன ஆவது?

கூட வந்தவர் பிடிவாதமாகக் கண்ணைக் கட்டிவிட்டால் பதற வேண்டாம். கட்டுவதற்கு முன் காகிதப் பைகளின் நிறத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால், எதைக் கடித்தாலும் "இதை ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சாப்பிட்டிருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். எந்தக் க்ருவாசானுக்கும், எந்த நேரத்திலும் இது உண்மை.

ஒன்பதாம் படி: பட்டியல் போடுதல்

பத்துக் கடை. ஒன்பது என்றால் சோம்பேறி என்பார்கள், பதினொன்று என்றால் தீர்மானம் இல்லாதவர் என்பார்கள்.

முதலிடம்: மூடியிருந்த கடைக்கு. இதைத்தான் அப்போது பிறகு சொல்கிறேன் என்றேன். நீங்கள் சாப்பிடாத க்ருவாசானில் குறை கண்டுபிடிக்க யாராலும் முடியாது. "கிடைப்பதே அபூர்வம்" என்று மட்டும் எழுதுங்கள்.

ஐந்தாம் இடம்: யாரும் கேள்விப்படாத கடை ஒன்று. கடைசி மெட்ரோ நிலையத்துக்கும் அப்பால் இருந்தால் நலம். சரிபார்க்க யாரும் போகமாட்டார்கள்.

பத்தாம் இடம்: ஊரே புகழும் கடை. பக்கத்தில் "பழைய மாதிரி இல்லை" என்று ஒரு வரி. நீங்கள் அங்கே போனதே இதுதான் முதல் தடவை என்பது உங்களுக்கும் கூட வந்தவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

புதுமைகளுக்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள். பியேர் எர்மேயின் கடையில் ரோஜா, லிச்சி, ராஸ்பெர்ரி மூன்றையும் சேர்த்த க்ருவாசான் உண்டு. ஒன்பதாம் வட்டாரத்து லூவார் பேக்கரி 2022-இல் க்ருவாசானைப் பிளந்து குக்கீ மாவு அடைத்துச் சுட்டது. 'க்ரூக்கி' என்று பெயர் வைத்து, 2024-இல் கைப்பேசித் திரைகளில் பரவி, வாசலில் கூட்டம் நெரிந்தது. ஃபிலிப் கோந்திசினி ஒரு குடும்பமே உட்கார்ந்து தின்னக்கூடிய ராட்சத க்ருவாசான் செய்தார். இவற்றை மரபின் சீரழிவு என்று கண்டியுங்கள். கண்டிப்பதற்கு முன் ஒரு துகள் விடாமல் தின்று முடியுங்கள். அரைகுறையாகத் தின்றுவிட்டுக் கண்டிப்பது அறமல்ல.

சந்தேகங்களும் விளக்கங்களும்

கேள்வி: காப்பியில் தோய்த்துச் சாப்பிடலாமா?

பதில்: பிரெஞ்சுக்காரர்கள் வீட்டில் தாராளமாகத் தோய்க்கிறார்கள். நீங்கள் நடுவர். தோய்த்தால் 27 அடுக்கும் ஒரே அடுக்காகிவிடும். யாரும் பார்க்காதபோது தோய்க்கலாம். மதிப்பெண் மட்டும் தோய்க்காததற்குப் போடுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை கடை?

பதில்: மூன்றாவதுக்குப் பிறகு நாக்கில் வெண்ணெய்ப் படலம் படிந்துவிடும், பசியும் போய்விடும். நான்காவதாக வரும் கடை எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் தோற்கும். ஆகவே உங்களுக்கு முன்பே பிடித்துப்போன கடையைக் காலையில் முதலாவதாகவும், பிடிக்காத கடையைக் கடைசியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி தானாகவே உங்கள் பக்கம் சாயும்.

கேள்வி: மிச்சத்தை மறுநாள் சாப்பிடலாமா?

பதில்: சில மணி நேரத்திலேயே மேல் ஓடு ஈரத்தை வாங்கித் தொய்ந்துவிடும். அடுப்பில் சில நிமிடம் வைத்தால் ஓரளவு உயிர் வரும். மைக்ரோவேவில் வைத்தால் தோல் ஆகும். மறுநாள் சாப்பிட்டுவிட்டு இன்றைய தேதி போட்டு எழுதுவது நடைமுறையில் உள்ளதுதான்.

கேள்வி: எல்லாக் கடையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் என்ன செய்வது?

பதில்: அப்படி நேர்மையாகத் தோன்றும் நாள் வரும். அன்று தூங்கி எழுந்து, தசமப் புள்ளிகளைக் கூட்டுங்கள். 8.2, 8.4 என்று பிரித்துவிட்டால் மறுநாளே வித்தியாசம் நாக்கிலும் தெரியத் தொடங்கும்.

கேள்வி: ஒரு கடைக்கு இரண்டாம் முறை போக வேண்டும்போல் இருக்கிறது. பட்டியலுக்காக இல்லை, சும்மா. போகலாமா?

பதில்: தலையாய விதியை மீறுகிறீர்கள். போனால் கடைக்காரம்மா உங்களை அடையாளம் கண்டுகொள்வார். மூன்றாம் முறை, நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே பையில் போட்டுவிடுவார். இன்றைக்கு நேற்றைவிடக் கொஞ்சம் குறைவாக வெந்திருப்பது உங்களுக்கே தெரியும், ஆனால் எழுதத் தோன்றாது. அதன் பிறகு நீங்கள் நடுவர் இல்லை, வாடிக்கையாளர். தராசையும் கத்தியையும் அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வாடிக்கையாளர்களுக்கென்று நாங்கள் கையேடு எதுவும் போடுவதில்லை. ஒரு யூரோவுக்கும் இரண்டு யூரோவுக்கும் இடையில் சில்லறை வைத்துக்கொண்டால் போதும்.